நாட்டுக்கு ஒரு குத்துச்சண்டை வீரர்: யாரைப் போடலாம், சொல்லுங்கள்

குழுவில் இருக்கும் அண்ணன், தம்பிகளுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்தில் சாயங்காலம் பசங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். தகர ஷெட்தான். கோணிப் பையில் கிழிந்த துணியை அடைத்து, மேலே லாரி டியூபைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறோம். அதன் பின்னால் உள்ள சுவருக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போகிறேன். நாட்டுக்கு ஒரு தொழில்முறை வீரர்.

சிலதில் யோசனையே வேண்டாம். பிலிப்பைன்ஸ் என்றால் 8 எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற மேனி பாக்கியாவ். அமெரிக்காவுக்கு முகமது அலி (சுகர் ரே ராபின்சன் ரசிகர்கள் தனியாக வந்து திட்டுங்கள்). பனாமாவுக்கு ராபர்ட்டோ டுரான், கானாவுக்கு அசுமா நெல்சன்.

மாட்டிக்கொண்டது மெக்சிகோவில். ஜூலியோ சீசர் சாவேஸ் 1994 வரை தோல்வியே காணாதவர். ஆனால் சல்வடோர் சான்செஸை விட மனசு வரவில்லை. அந்த நெல்சனையே 15ஆவது சுற்றில் வீழ்த்தியவர். அடுத்த மாதமே, 1982 ஆகஸ்டில், கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 23.

அப்புறம் லெனாக்ஸ் லூயிஸ். பிறந்தது லண்டன், 1988 சியோல் ஒலிம்பிக் தங்கம் கனடாவுக்கு, தொழில்முறையில் பிரிட்டன். எந்தக் கொடிக்குக் கீழே போடுவது?

பசங்க முதலில் தேடுவது இந்தியாவைத்தான். விஜேந்தர் சிங்குக்குப் பெயர் வாங்கித் தந்தது 2008 பெய்ஜிங் வெண்கலம். ஆனால் அது தொழில்முறைப் போட்டி இல்லையே, தொழில்முறைக்கு வந்தது 2015இல்தான். போட்டால் சரியாக இருக்குமா?

வெள்ளிக்கிழமை ஃப்ளெக்ஸ் கடையில் ஃபைல் கொடுக்க வேண்டும். பெயரோடு காரணமும் ஒரு வரி எழுதுங்கள். பெரிய சைஸ் படம் இருந்தால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், வாட்ஸப் ஃபார்வர்டு படம் மங்கிவிடுகிறது.