ஜேயூனிட் 4 டு 5: ரெஜெக்ஸ் தொடாமல் விட்ட வரிகள்

பழைய ஜாவா புராஜெக்ட் ஒன்றின் டெஸ்டுகளை, ஜாவாவின் டெஸ்ட் டூலான ஜேயூனிட் 4-இலிருந்து 5-க்கு மாற்றும் வேலை எங்கள் டீமுக்கு வந்தது. இம்போர்ட் வரிகள், 'பிஃபோர்' என்பதை 'பிஃபோர்ஈச்' ஆக்குவது எல்லாம் ஃபைண்ட்-ரீப்ளேஸிலேயே முடிந்தது. தகராறு, எதிர்பார்த்தது வந்ததா என்று சரிபார்க்கும் அசெர்ட் வரிகளில்தான். 4-இல் பிழைச் செய்தி முதல் ஆர்க்யுமென்ட் (அடைப்புக்குறிக்குள் கொடுக்கும் மதிப்பு). 5-இல் அது கடைசிக்குப் போய்விட்டது.

இதற்கு ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் பேட்டர்ன், எழுதினோம்: மேற்கோளுக்குள் இருப்பது ஒரு குரூப், அடுத்த காற்புள்ளி வரை ஒன்று, மீதி ஒன்று என்று பிடித்து வரிசை மாற்றினோம். பெரும்பாலானவை ஒழுங்காக மாறின. ஆர்க்யுமென்டுக்குள் இன்னொரு மெத்தட் கால், அதற்குள் ஒரு காற்புள்ளி என்றால் தப்பான இடத்தில் வெட்டிவிடும். திறந்த அடைப்புக்குறிக்கு ஜோடி எது என்று ஜாவா ரெஜெக்ஸால் கணக்கு வைக்க முடியாது. அதுகூடப் பரவாயில்லை, கம்பைலர் கத்திவிடும்.

கத்தாதவைதான் வம்பு. சில இடங்களில் செய்தி மேற்கோளில் இல்லை, ஒரு கான்ஸ்டன்டில் (பெயர் வைத்த மாறாத மதிப்பில்) இருந்தது. மேற்கோளைத் தேடிய ரெஜெக்ஸ் அந்த வரிகளைத் தொடவே இல்லை. அசெர்ட்நாட்நல்(செய்தி, பெயர்) அப்படியே நின்றது. 'பெயர்' ஸ்ட்ரிங் (எழுத்து மதிப்பு) என்பதால் கம்பைலும் ஆனது. ஆனால் 5-இல் அதற்கு அர்த்தம் வேறு: நல் (மதிப்பே இல்லாதது) இல்லையா என்று பார்ப்பது செய்தியைத்தான், 'பெயர்' வெறும் செய்தி. 'பெயர்' நல்லாகவே வந்தாலும் டெஸ்ட் பச்சைதான்! மூன்று ஆர்க்யுமென்டும் ஸ்ட்ரிங்காக இருந்தால் அசெர்ட்நாட்ஈக்வல்ஸும் இப்படியே ஏமாற்றும். அந்த இரண்டு மெத்தட் பெயர்களையும் தனியாகத் தேடியெடுத்து, ஒவ்வொரு வரியாகக் கண்ணால் பார்த்தோம்.

*

பைத்தானிலும் இதே கதை உண்டு. யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் டூலிலிருந்து பைடெஸ்ட் என்ற இன்னொன்றுக்குப் போகும்போது 'செல்ஃப்.அசெர்ட்ட்ரூ' என்பதை எடுத்துவிட்டு வெறும் 'அசெர்ட்' போட்டார் கூட வேலை செய்தவர். அடைப்புக்குறி அப்படியே இருந்தது. உள்ளே நிபந்தனையோடு செய்தியும் இருந்தால் அது இரண்டு உறுப்பு டப்பிள், அதாவது அடைப்புக்குறிக்குள் சேர்த்துக் கட்டிய மதிப்புகள். காலி இல்லாத டப்பிள் எப்போதுமே ட்ரூ. பைத்தான் வார்னிங் கொடுக்கத்தான் செய்தது. டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ-யின் லாகில் அதை யார் படிக்கிறார்கள்?

*

ரெஜெக்ஸை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். பைத்தான் 3.12-இல் 'அசெர்ட்ஈக்வல்ஸ்' என்ற பழைய பெயரை நீக்கியபோது, கடைசி 'ஸ்'-ஐ வெட்ட தேடி மாற்றும் செட் (sed) கமாண்ட் ஒரு வரி போதுமாக இருந்தது. பெயர் மட்டும் மாறினால் ரெஜெக்ஸ். ஆர்க்யுமென்ட் இடம் மாறினால் ஓபன்ரீரைட் மாதிரி, கோடைப் பார்ஸ் செய்து டைப் தெரிந்து மாற்றும் டூல். ஜேயூனிட் 4-இலிருந்து 5-க்கு அதில் ரெசிபி தயாராகவே இருக்கிறது.