தூண்டிவிட்டுப் பிடித்த வழக்கு: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். ஹெரோயின் விற்றதாக என் அக்கா மகன் விளக்கமறியலில் இருக்கிறான். அவன் விற்கிறவன் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப கோல் எடுத்துக் கெஞ்சி, பணமும் கொடுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கொண்டுபோன இடத்தில் பொலிஸ் நின்றது.

ஏற்கனவே விற்கிறவனிடம் மாறுவேடத்தில் போய் வாங்குவது வேறு, நினைப்பே இல்லாதவனை விற்க வைப்பது வேறு அல்லவா? போர்த்துகலின் டெய்ஷெய்ரா டி காஸ்ட்ரோ வழக்கில், பொலிஸே தூண்டியதால் விசாரணை நியாயமற்றது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2001இன் லூஸ்லி தீர்ப்புப்படி, அப்படியான வழக்கை நீதிமன்றம் மேற்கொண்டு நடத்தாமல் நிறுத்தலாம்.

நம் மேல் நீதிமன்றத்தில் இந்த வாதத்தை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தத் தொலைபேசிப் பதிவுகளை எப்படிக் கேட்டுப் பெறுவது? வாக்குமூலம் வேறு சிங்களத்தில். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. நுவரெலியா, கண்டிப் பக்கம் தமிழ் பேசும் சட்டத்தரணி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.