மத்ரஸாவில் ஃபலக் பாடம்: மலேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்த எதில் தொடங்குவது?

கேள்வி (வேலூர்):
அஸ்ஸலாமு அலைக்கும். ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) ஓதும் மூத்த பிள்ளைகளுக்கு, தொழுகை நேரமும் திசையும் கணிக்கும் இல்முல் ஃபலக்கை இன்றைய வானியலோடு சேர்த்து, மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு நடத்தப் பேச்சு நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குதான் தெரியும். எதில் தொடங்கலாம்? எங்கே இடிக்கும்?

பதில் 1:
வ அலைக்குமுஸ்ஸலாம் ஹஜ்ரத். கிப்லாவில், அதாவது கஅபா இருக்கும் தொழுகைத் திசையில் தொடங்குங்கள். மே 28 அன்று நம் நேரம் பகல் 2.48 அளவில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே இருக்கும். மலேசியாவில் அப்போது மாலை 5.18. இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். வேலூரில் சுமார் 80 செ.மீ., கோலாலம்பூரில் ஏறக்குறைய 1.9 மீட்டர் வரும். நிழல் நுனியிலிருந்து கம்பின் அடிக்கு இழுக்கும் கோடுதான் கிப்லா. நீளம் ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்; கோணவியலை அங்கே ஆரம்பிக்கலாம். மேகம் மூடினால் முந்தின நாளோ மறுநாளோ அதே நேரத்தில் அளக்கலாம், பிசகு அற்பம்.

பிறகு கணக்கு. வேலூரில் கிப்லா, வடக்கிலிருந்து வலச்சுற்றாக 288 பாகையில் வரவேண்டும். 283 வந்தால், உருண்டையை விட்டுத் தட்டை வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். மொபைல் காம்பஸை நம்பவேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுத்துவிடும்.

பதில் 2:
அஸர் (மாலைத் தொழுகை) வக்தில், அதாவது நேரத்தில் கவனம். மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) மலேசியா ஷாஃபிஈ, வேலூர்ப் பக்கம் ஹனஃபி. அஸர் தொடங்கும் நிழலுக்கு, நடுப்பகல் நிழலோடு கம்பின் நீளத்தில் அவர்கள் ஒரு மடங்கு சேர்ப்பார்கள், நாம் இரண்டு. அவர்கள் அனுப்பும் கணினி நிரலில் அந்த எண்ணை மாற்றும் வசதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஃபஜ்ருக்கும் (வைகறைத் தொழுகை) அப்படித்தான்: சூரியன் அடிவானத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கவேண்டும் என்பதில் மலேசியா 2019-இல் 20 பாகையை 18 ஆக்கியதில் வக்து சுமார் எட்டு நிமிடம் தள்ளிப்போனது. சுப்ஹு ஸாதிக் (உண்மையான வைகறை) எது என்பது ஃபிக்ஹ், அது எந்தப் பாகையில் தெரிகிறது என்பது அளவை. கிதாப் (மார்க்க நூல்) நடத்தும் ஹஜ்ரத்தும் கணக்கு ஆசிரியரும் ஒரே வகுப்பில் உட்காராவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துவிடுவார்கள். அப்புறம் கூட்டு முயற்சிக்கே பொருளில்லை.

பதில் 3:
இடிப்பது நாட்காட்டியில்தான். மத்ரஸா ஷவ்வால் மாதம் திறந்து ஷஃபானில் மூடும். இவை பிறைக் கணக்கு மாதங்கள், ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். பல்கலைக்கழக செமஸ்டர் நகராது. ஆகவே முழு செமஸ்டருக்கு ஒப்பந்தம் போடாமல், ஆறு வாரத் துண்டுகளாகப் பிரியுங்கள். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள்; இரண்டரை மணி வித்தியாசத்தில் இரு ஜும்ஆவும் பகலை விழுங்கிவிடும்.

பட்டத்துக்குச் சேரும் கிரெடிட் தருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மலேசியாவில் ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் கணக்கு; நம் பக்கம் யுஜிசி அங்கீகாரம் உள்ள கல்லூரி கையெழுத்திடாமல் அது எங்கும் ஏறாது. இப்போதைக்குச் சான்றிதழ் போதும், மணிக்கணக்கை மட்டும் அதில் எழுதி வாங்குங்கள்.