ஷவல் இல்லாவிட்டால் நீராவி இன்ஜின் இல்லையா? (நீலகிரி மலை ரயில்)

கல்லாறுக்காரன்:
முந்தாநாள் ஒரு சுற்றுலாக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஊட்டி மலை ரயிலில் இப்போது ஓடுவது நீராவி இன்ஜினே இல்லை. உள்ளே எண்ணெயை எரிக்கிறார்கள். பயர்மேன் கையில் கரி அள்ளிப் போடும் ஷவல்கூடக் கிடையாது. பாரம்பரியம் என்று சொல்லி டிக்கெட் விற்கிறார்கள்." கீழே ஆளாளுக்கு "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று வேறு. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அப்பா குன்னூர் ஷெட்டில் பயர்மேனாக இருந்தவர். அவர் கரி போட்ட காலத்தையும் பார்த்தார், ஆயில் வந்ததையும் பார்த்தார். பாய்லரில் கொதிப்பது தண்ணீர். சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுவது நீராவி. அடியில் கரி எரிந்தால் என்ன, ஆயில் எரிந்தால் என்ன? வீட்டில் விறகடுப்பை விட்டு கேஸ் அடுப்புக்கு வந்ததும் இட்லி இட்லியாக இல்லாமல் போய்விட்டதா?

கரிப்புகை:
அதை எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். இட்லி உதாரணமெல்லாம் வேண்டாம், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பயர்மேன் கையில் ஷவல் எங்கே?

கல்லாறுக்காரன்:
ஷவல் இன்ஜினின் உறுப்பா? அது ஒரு கருவி. இந்த மலையில் ஓடும் எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜினின் உயிர் அதன் நான்கு சிலிண்டர்களில் இருக்கிறது. இரண்டு உயரழுத்த சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுகின்றன. செங்குத்து ஏற்றம் ஆரம்பிக்கும் கல்லாறு நிலையத்தில் பல்சட்டம், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம், தொடங்கியதும், அங்கே வேலை முடித்து வெளியேறும் அதே நீராவி அடுத்த இரண்டு தாழழுத்த சிலிண்டர்களுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரே ஆவிக்கு இரண்டு வேலை. சுவிட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊர்த் தொழிற்சாலைக்காரர்கள் யோசித்துச் செய்தது இது. 12 அடி போனால் 1 அடி ஏற்றம், அதில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஷவலைப் பிடித்துத் தொங்குகிறீர்களே!

கரிப்புகை:
இரண்டு பத்தி எழுதினீர்கள். ஷவல் எங்கே என்பதற்கு அதில் பதில் இல்லை.

பொன்மலைத் தம்பி:
அண்ணா, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை. ஆயிலுக்கு மாற்றியதற்குக் காரணம் உண்டு. நல்ல கரி கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. மட்டமான கரியைப் போட்டால் ஆவி நிற்காது, ரயில் நடுமலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். வெயில் காலத்தில் பொறி பறந்து காட்டில் விழுகிற பயம் வேறு. 2011 முதல் ஆயிலில் ஓடும் புது எக்ஸ் இன்ஜின்களையே பொன்மலையில் செய்து அனுப்பினார்கள். அதை ஏமாற்று வேலை என்று சொன்னால் எங்களுக்கு வலிக்கும்.

கரிப்புகை:
தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்: 2011. 2011இல் செய்தது எப்படிப் பாரம்பரியமாகும்? என் கார் அதைவிடப் பழசு.

கல்லாறுக்காரன்:
ஷவலில் தொடங்கி இப்போது வயதுக்குத் தாவிவிட்டார், எல்லோரும் கவனியுங்கள். யுனெஸ்கோ 2005இல் அங்கீகாரம் கொடுத்தது தனி ஒரு இன்ஜினுக்கு இல்லை. 46 கி.மீ. பாதை, 16 குகை, 250 பாலம், 208 வளைவு, அதை இன்றும் ஓட்டுகிற முறை, எல்லாம் சேர்ந்ததற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டுகிறாரே, அது பாரம்பரியம். பெட்டிகளுக்குப் பின்னால், பள்ளத்துப் பக்கத்தில் இன்ஜின் நிற்கிறதே, அது பாரம்பரியம். 1899இல் குன்னூருக்கு வந்த பாதை 1908இல்தான் ஊட்டியைத் தொட்டது. இடைப்பட்ட அந்த ஒன்பது வருடமும் சேர்த்துத்தான் பாரம்பரியம்.

கரிப்புகை:
பட்டியல் பிரமாதம். அதில் கரியைக் காணோம். ஷவலையும் காணோம்.

பர்லியாறு வாசுகி:
நான் இந்தப் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். கரிப்புகை சார், உங்கள் பெயரில் உள்ள புகையை எங்கள் வீட்டுத் துணியில் பார்த்திருக்கிறேன். வெள்ளைத் துணி காயப்போட முடியாது. ஆயில் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கரி போட்ட இன்ஜின் ஏறும்போது வரும் சத்தம் வேறு. அம்மா கடிகாரம் பார்க்கவே மாட்டார், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சோறு வடிப்பார்.

கரிப்புகை:
நன்றி அக்கா. பார்த்தீர்களா கல்லாறு? சத்தம் வேறு என்று பாதை ஓரத்தில் வாழ்ந்தவரே சொல்கிறார்.

பர்லியாறு வாசுகி:
நான் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். வருத்தமில்லை என்றும் சொன்னேன்.

அடர்லி:
இந்தச் சண்டையால் என்ன பிரயோசனம்? பிரிட்டனில் பழைய நீராவிப் பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு பாதையின் இன்ஜினை இன்னொரு பாதைக்கு விருந்தாளியாகக் கொண்டுவந்து வார இறுதியில் விழா நடத்துகிறார்கள். நம் டார்ஜிலிங் மலை ரயிலின் 19ஆம் எண் பி வகுப்பு இன்ஜின் 1960களில் அமெரிக்கா போய், அப்புறம் பிரிட்டன் வந்து, அங்கே ஊர் ஊராக விருந்துக்குப் போய் ஓடுகிறது. நீலகிரியிலும் அப்படி ஒரு விழா வைத்தால் என்ன? டார்ஜிலிங்கிலிருந்து கரி போடும் இன்ஜினைக் கொண்டுவந்தால் இரண்டு பேரும் சமாதானமாகலாம்.

கல்லாறுக்காரன்:
டார்ஜிலிங் பாதை இரண்டடி அகலம். நம்முடையது மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலம். எதில் ஓட்டுவீர்கள், மேட்டுப்பாளையம் ரோட்டிலா? மீட்டர் கேஜே ஆனாலும் பல்சக்கரம் இல்லாத இன்ஜின் கல்லாறைத் தாண்டாது. இந்தியாவில் பல்சட்டம் உள்ள ரயில் பாதை இது ஒன்றுதான். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருப்பது அதைவிட அகலமான பிராட் கேஜ். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து வந்து பக்கத்தில் நிற்குமே தவிர, ஒரு சக்கரம்கூட இந்தப் பக்கம் உருளாது. விருந்தாளி வர முடியாத வீடு இது. அதுதான் இதன் பெருமை.

சிலிகுரித் தமிழன்:
டார்ஜிலிங்கை ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் பாதை 1881. யுனெஸ்கோ எங்களுக்கு 1999இலேயே கொடுத்துவிட்டது, நீங்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். எங்கள் பாதையின் உச்சியில் உள்ள கும் நிலையம் 2,258 மீட்டர் உயரம், உங்கள் ஊட்டி நிலையம் 2,203. பல்சட்டம் இல்லாமலேயே வளையம் போட்டும், முன்னும் பின்னும் போய் வந்தும் ஏறுகிறோம். இன்ஜின் முன்னால் ஆள் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் போடுகிறார். அது உழைப்பு.

கல்லாறுக்காரன்:
"எங்கள் பாதை"யா? நீங்கள் அங்கே வேலைக்குப் போனவர். தஞ்சாவூர்க்காரர் என்று போன தடவை நீங்களே எழுதினீர்கள். மணல் போட்டு ஏறுவது வழுக்குவதால். நம் இன்ஜின் பல்லால் கடித்து ஏறுகிறது.

சிலிகுரித் தமிழன்:
நான் எந்த ஊர்க்காரன் என்பது இங்கே எதற்கு? போன தடவையும் வாதத்தில் பதில் இல்லாதபோது இதையேதான் செய்தீர்கள். உயரத்துக்குப் பதில் சொல்லுங்கள். 2,258 பெரிதா, 2,203 பெரிதா?

கரிப்புகை:
டார்ஜிலிங்கில் பயர்மேன் ஷவல் பிடிக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள் சிலிகுரி.

சிலிகுரித் தமிழன்:
பிடிக்கிறார். கரியை உடைத்துக் கொடுக்கவே தனி ஆள் உண்டு.

கரிப்புகை:
போதும். இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

அடர்லி:
விருந்தாளி வரவே முடியாது என்பது சரியில்லை கல்லாறு சார். சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா மலைப் பாதையும் மீட்டர் கேஜ்தான், இங்கே இருக்கும் அதே ஆப்ட் வகைப் பல்சட்டம்தான். அவர்கள் வியட்நாமில் தலாத் மலைப் பாதையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுவிஸ் இன்ஜின்களை 1990இல் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?

கல்லாறுக்காரன்:
அது விருந்து இல்லை, பிறந்த வீட்டுக்குத் திரும்புவது. அதோடு பெயர் ஆப்ட் என்றால் போதுமா? தண்டவாளத்துக்கு மேல் பல்சட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் அளந்து பார்த்தீர்களா? கல்லாறில் சட்டத்தின் முனை ஸ்பிரிங்கில் நிற்கும். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, பல்சக்கரத்தைச் சுழலவிட்டு, பல்லும் பல்லும் உட்காரும் வரை பொறுமையாகப் போவார். அப்பா சொல்வார், அந்த இடத்தில் யாரும் பேசக் கூடாது என்று. ஒரு சின்ன இடிப்பு வரும், அப்புறம்தான் மூச்சு விடுவார்களாம். யாரோ விருந்தாளி இன்ஜின் வந்து அந்தப் பல்லை உடைத்தால் யார் செய்து கொடுப்பார்கள்?

அடர்லி:
அளக்கலாமே என்றுதான் சொல்கிறேன். உடைந்துவிடும் என்று நீங்களே முடிவு கட்டினால் எப்படி? எது சொன்னாலும் "அப்பா சொன்னார்".

கல்லாறுக்காரன்:
அப்பாவைப் பற்றிப் பேசாதீர்கள். கரி போட்ட தோள்பட்டை அவருடையது. கடைசி வரை வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தார். ஷவல் ஷவல் என்று இங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அந்த ஷவலை நான் வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட்ட தோளில் பார்த்திருக்கிறேன். ஆயில் வந்தபோது அவர் சந்தோஷப்பட்டார். இன்ஜின் மாறிவிட்டது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பொன்மலைத் தம்பி:
இதற்கு மேல் என்ன வேண்டும்?

கரிப்புகை:
அவர் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த உழைப்பு இருந்ததால்தான் அதைக் கரிவண்டி என்றோம். இன்னொன்றும் சொல்கிறேன். குன்னூரிலிருந்து ஊட்டி வரை டீசல் இன்ஜின்தான் இழுக்கிறது. அதையும் சேர்த்து "நீராவி ரயில்" என்றுதான் எழுதுகிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கல்லாறுக்காரன்:
நான் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை பற்றிப் பேசுகிறேன். குன்னூரில் இறங்கி டீ குடியுங்கள், இன்ஜின் மாற்றுவதைப் பாருங்கள், அப்புறம் வாருங்கள்.

கரிப்புகை:
டீசல் என்பதை மறுக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

பொன்மலைத் தம்பி:
கரிப்புகை சார், உங்களுக்கு ஒரு செய்தி. 2021இல் பொன்மலையில் கரியில் ஓடும் எக்ஸ் இன்ஜினையே புதிதாகச் செய்தார்கள். ஷவலோடுதான் போனது. இப்போது என்ன சொல்வீர்கள்?

கரிப்புகை:
அப்படியானால் கரிதான் வேண்டும் என்று பொன்மலைக்காரர்களே திரும்பி வந்துவிட்டார்கள். நான் சொன்னதுதான் சரி.

கல்லாறுக்காரன்:
சற்று முன் 2011இல் செய்தது பாரம்பரியமில்லை என்றீர்கள். 2021இல் செய்தது மட்டும் எப்படிப் பாரம்பரியமாயிற்று? கரி போட்டால் வயது கூடிவிடுமா?

கரிப்புகை:
ஷவல் இருக்கிறது.

சிலிகுரித் தமிழன்:
கல்லாறு இன்னும் உயரத்துக்குப் பதில் சொல்லவில்லை. 2,258.

பர்லியாறு வாசுகி:
மழைக்கு மண் சரிந்தால் வாரக்கணக்கில் ரயிலே வராது. அப்போது இந்தக் கரியா ஆயிலா சண்டையை யாரும் போடுவதில்லை. தண்டவாளத்தில் விழுந்த பாறையை அகற்றுகிறவர்களைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

கல்லாறுக்காரன்:
அக்கா, அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுகிறேன், நிச்சயம். முதலில் இவர் அந்தச் சுற்றுலாக் குழுவில் எழுதியதை நீக்கட்டும்.

கரிப்புகை:
நீக்க மாட்டேன். போன வாரம் எடுத்த படத்தையும் அதோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். பயர்மேன் வால்வைத் திருகுகிறார். கையில் ஷவல் இல்லை.

கல்லாறுக்காரன்:
அந்தப் படத்திலேயே புகைபோக்கிக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிளம்புகிறதே, அது என்ன? பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.