மறுமொழி: ‘ஒன் ஹிட் வொண்டர்’ தமிழில்? (நாளைக் காலைக்குள் வேண்டும்)

அன்பர்களே,

டாம் ஹாங்க்ஸ் 1996இல் எழுதி இயக்கிய ‘தட் திங் யூ டூ’ படத்தை ரசிகர்கள் இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்றொரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். 1964இல் அமெரிக்காவின் ஈரி நகரத்து இசைக்குழுப் பையன்கள் ஒரே பாட்டால் மேலே போய்க் கலைந்துவிடும் கதை. இப்படி ஒரே வெற்றிப் பாட்டோடு நின்றுவிடுபவர்களைச் சொல்லும் ‘ஒன் ஹிட் வொண்டர்’ பத்திக்குப் பத்தி வருகிறது. ‘ஒருபாட்டு அதிசயம்’ என்று எழுதினால் பொருட்காட்சி விளம்பரம்போல் ஒலிக்கிறது. கைகொடுங்கள்.
— செ.

தம்பி செ.,

சங்கத்திலேயே இருக்கிறார்களே! செம்புலப்பெயனீராருக்கு ஒரே பாட்டு, குறுந்தொகை 40. அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலாருக்கும் அந்த ஒன்றுதான். இயற்பெயர் தெரியாததால் பாட்டின் தொடரே பெயரானது. அவ்வழியில் ‘ஓரிசையார்’ என்பேன். இசை என்றால் பாட்டு. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்னும்போது புகழ். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. உயிர் முன் ‘ஓர்’, புணர்ச்சியும் சுத்தம்.
— ந.

ந. ஐயா,

அழகுதான், யாருக்குப் புரியும்? எல்லோரும் ஒரே சுருதியில் பாடுவது என்றுதான் நினைப்பார்கள். ஒப்புமையும் இடிக்கிறது. அந்தப் புலவர்கள் பாடியதே ஒன்று என்று யார் சொன்னது? நமக்குக் கிடைத்தது ஒன்று, அவ்வளவே. ‘ஹிட்’ நம் பேச்சுக்குள் வந்து எவ்வளவு காலமாயிற்று! ‘ஒரு ஹிட் குழு’ என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகட்டும் தம்பி.
— ப.

ப., இன்று ‘ஹிட்’டை விட்டால் நாளை ‘குழு’வும் ‘பேண்ட்’ ஆகும். பிறகு இந்தக் குழுமம் எதற்கு?
— ந.

யாராவது படத்தைப் பார்த்தீர்களா?

பாட்டு முதன்முதலாக வானொலியில் வரும்போது ஆளாளுக்குத் தெருவில் ஓடிவந்து கடைக்குள் குதித்துக் கூத்தடிப்பார்கள். அதைப் பார்க்கிற ரசிகர் எவரும் ‘பாவம், ஒன்றோடு போயிற்று’ என்று நினைப்பதில்லை. மெதுவாகப் பாட எழுதியதைப் புது டிரம்மர் மேடையில் வேகமாகத் தொடங்கிவிடுகிறான். அந்த வேகம்தான் ஹிட். படம் நெடுக அதே பாட்டு வருகிறது, சலிக்கவே இல்லை. ஆடம் ஷ்லெசிஞ்சர் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் நிஜ பில்போர்டு பட்டியலிலும் 41ஆம் இடம் வரை போனது. அதனால் ‘ஒற்றை’ என்று மட்டும் தொடங்காதீர்கள், ஜோடி தொலைத்த செருப்பு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. படத்துக் குழுவின் முதல் பெயரே ‘ஒன்’னை எழுத்தில் ஒளித்த ‘வொண்டர்ஸ்’ (Oneders). பார்க்கிறவர்களெல்லாம் ‘ஓனீடர்ஸ்’ என்று வாசிப்பார்கள். ஓரிசையாரை ‘ஓரி சையார்’ என்று யாராவது வாசித்தால் அதே கூத்துதான். எனக்கு ஐயாவின் சொல் பிடித்ததற்கு அதுதான் காரணம், இலக்கணம் இல்லை.
— க.

41ஆ? அணிலாடு முன்றிலார் எண்! க. அம்மா, ஓரி என்றதும் கொல்லிமலை வல்வில் ஓரி வருகிறான். அவனைப் பாடிய வன்பரணர் இருக்கிறாரே...
— ந.

ஐயா, வேண்டாம்.
— ப.

அனைவருக்கும் நன்றி. கட்டுரை நெடுக ‘ஒரு ஹிட் குழு’. பெயர்ச் சிலேடை வரும் இடத்தில் மட்டும் ‘ஓரிசையார்’. அனுப்பிவிட்டேன்.
— செ.

எனக்கு உடன்பாடில்லை என்று பதிவாகட்டும். வல்வில் ஓரிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.
— ந.