தினமும் சிறுசேரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடி: ஒரே வண்டி, எது?

பெருங்களத்தூரான்

வணக்கம். 11 வருடம் ஓட்டிய 150 சிசி வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் கார் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. வேலை சிறுசேரியில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகப் போக வர ஏறக்குறைய 50 கி.மீ. மழையோ கத்திரி வெயிலோ, வண்டியில்தான் போயாக வேண்டும். அம்மா போடியில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நானும் மனைவியும் பைக்கிலேயே போய் வருகிறோம். ஒரு வழிக்குச் சுமார் 500 கி.மீ.

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, சுசுகியின் 250 சிசி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் 350 என்று மூன்றில் வந்து நிற்கிறேன். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். மற்ற இரண்டுக்கும் கையில் பணம் இருக்கிறது, ஹிமாலயன் என்றால் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும். எது என்று மட்டும் சொல்லாமல் ஏன் என்றும் சொல்லுங்கள்.

கொல்லிமலை70

கடன் வாங்கியாவது ஹிமாலயன் எடுங்கள் நண்பரே. பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, முன்னால் ஒரு கரும்பு லாரி. அதைத் தாண்ட வலது பக்கம் வந்துவிட்டீர்கள், பின்னால் ஆம்னி பஸ் விளக்கடித்துக்கொண்டு வருகிறது. அந்த ஐந்து விநாடியில் எஞ்சினில் மிச்சம் இருக்க வேண்டும். 452 சிசி, 40 பிஎஸ் (குதிரைத்திறன்), 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வி-ஸ்ட்ரோமில் 26.5 பிஎஸ், 22.2 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 7300 சுற்று சுற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். சுமையோடு போகும்போது கியரைக் குறைத்து, முறுக்கிப் பிடித்து, காத்திருக்க வேண்டும்.

டேங்க் 17 லிட்டர். எனக்கு லிட்டருக்கு 30 கி.மீ. கிடைக்கிறது. சென்னையில் நிரப்பினால் தேனி வரை பங்க் தேட வேண்டியதில்லை. போடி வரை வந்துவிட்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறாமல் திரும்புவீர்களா? அங்கேயும் இந்த எஞ்சின் அலட்டிக்கொள்ளாது.

மழைக்கோட்டு

கொல்லிமலை அண்ணன் சொன்ன ஐந்து விநாடி உண்மைதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆபீஸுக்கு மாதம் 24 நாள், நாளுக்கு 50 கி.மீ. வருடத்துக்கு 14,400. போடிக்கு ஆறு தடவை, தடவைக்கு 1000. ஆக 6,000. பத்தில் ஏழு கிலோமீட்டர் நீங்கள் தனியாக, நெரிசலில், முதல் மூன்று கியருக்குள் ஓட்டப்போகிறீர்கள். வண்டியை அந்த ஏழுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஹிமாலயன் 196 கிலோ, வி-ஸ்ட்ரோம் 167. வித்தியாசம் 29 கிலோ. நிரப்பிய சமையல் காஸ் சிலிண்டர் ஒன்றின் எடை அது. தினமும் ஒரு சிலிண்டரைக் கூடவே ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் சந்திப்பில் ஊர்ந்து பாருங்கள், சாயங்காலம் மணிக்கட்டும் இடுப்பும் சொல்லும்.

பணத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதைத் தாண்டினால் 40 சதவீதம். மூன்றாம் நபர் காப்பீட்டிலும் அதே கோடுதான்: 2022 அறிவிப்பின்படி 150க்கு மேல் 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. அந்தக் கடனைத் தவிர்த்தால் நல்ல மழைக்கோட்டு, நல்ல ஹெல்மெட், பின்னால் மாட்டும் டாப் பாக்ஸ் எல்லாம் வந்துவிடும்.

நெடுஞ்சாலைக்காரி

இரண்டு பேரும் ஓட்டுபவரைப் பற்றியே பேசுகிறீர்கள். 500 கி.மீ. பின்னால் உட்கார்ந்து வரப்போகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் ஓட்டவும் செய்கிறேன், பின்னால் உட்கார்ந்தும் போயிருக்கிறேன். உயரமான வண்டியில் ஏற, ஓட்டுபவரின் தோளைப் பிடித்து, கால்மிதியில் நின்று, காலைத் தூக்கிப் போட வேண்டும். டாப் பாக்ஸ் இருந்தால் அதையும் தாண்ட வேண்டும். புடவையில் அது முடியவே முடியாது, சுடிதாரில் முடியும், ஆனால் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதையே செய்து பாருங்கள். மீட்டியாரின் இருக்கை உயரம் 765 மி.மீ. ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியும்.

அப்புறம் வேகம். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 80 என்று 2018லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. 80ல் மீட்டியார் நாள் முழுக்க அசராமல் ஓடும். 27 நியூட்டன் மீட்டர் அதற்கு 4000 சுற்றிலேயே கிடைக்கிறது, கியரை அடிக்கடி மாற்ற வேண்டாம். 349 சிசி என்பதால் மழைக்கோட்டு சொன்ன வரிச் சலுகையும் இதற்கு உண்டு.

கொல்லிமலை70

80 சட்டப்படி சரி, நானும் அதற்கு மேல் போகச் சொல்லவில்லை. நான் சொல்வது 60லிருந்து 80க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதை.

காற்றை யாரும் நினைக்கவில்லை. ஆடி மாதம் தேனிப் பக்கம் போயிருக்கிறீர்களா? பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் எடை குறைந்த வண்டி ஒரு முழம் தள்ளும். நீங்கள் குறை சொல்கிற அந்த 29 கிலோ அங்கே உங்களைப் பிடித்து நிறுத்தும்.

மழைக்கோட்டுத் தம்பிக்கு ஒன்று. வி-ஸ்ட்ரோமைச் சிபாரிசு செய்கிறவர் அதன் இருக்கை உயரம் 835 மி.மீ. என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஹிமாலயனில் 825.

மழைக்கோட்டு

சரி, ஒத்துக்கொள்கிறேன், அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் பயம் உயரத்தை விட எடை மேல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு நவம்பரில், பெரும்பாக்கம் பக்கம், முழங்காலுக்குக் கீழே தண்ணீர். முன்னால் போன வேன் நின்றது, நானும் நின்று இடது காலை ஊன்றினேன். அந்த இடத்தில் தரை இல்லை. மழைநீர் வடிகாலின் மூடி பெயர்ந்து கிடந்திருக்கிறது, மேலே தண்ணீர் என்பதால் தெரியவில்லை. தொடை வரை கால் உள்ளே போய், வண்டி என் மேல் சாய்ந்தது. அப்போது நான் வைத்திருந்தது 190 கிலோவைத் தாண்டிய வண்டி. தனியாகத் தூக்க முடியவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் இருவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள். கணுக்கால் வீங்கி மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகுதான் இலகுவான வண்டிக்கு மாறினேன். நெடுஞ்சாலையில் அது கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்பதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

இரவுப்பேருந்து

நேராகவே கேட்கிறேன், புது வண்டி எதற்கு? 150 சிசி தினப்படி ஓட்டத்துக்குப் போதும். போடிக்கு பஸ்ஸில் படுத்துக்கொண்டு போங்கள். இருவர் உயிருக்கும் அதுதான் நல்லது.

பெருங்களத்தூரான்

பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறோம். மனைவிக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்வதில்லை, வத்தலக்குண்டு வருவதற்குள் துவண்டுவிடுவார். பைக்கில் அந்தத் தொந்தரவு இல்லை. அதோடு ஊரில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் வண்டி வேண்டும். பைக் பயணம் எங்கள் இருவருக்குமே பிடித்த விஷயம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பழைய பட்டறை

நான் மெக்கானிக், மேடவாக்கம் பக்கம் 22 வருடமாகக் கடை. தம்பி 'மழையோ கத்திரி வெயிலோ' என்று சொன்னதால் மழையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் வண்டிக்குப் பரீட்சை.

தரை இடைவெளி ஹிமாலயனுக்கு 230 மி.மீ., வி-ஸ்ட்ரோமுக்கு 205, மீட்டியாருக்கு 170. இருவர் ஏறி, பையும் வைத்தால் பின்பக்கம் இன்னும் இறங்கும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் குழியும் வேகத்தடையும் தண்ணீருக்குள் இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். ஹிமாலயன் மாதிரி முன்சக்கரம் 21 அங்குலம் என்றால் குழியில் விழாமல் உருண்டு போய்விடும், கொல்லிமலைத் தம்பிக்கு அந்த ஒரு மார்க் கொடுக்கிறேன். வி-ஸ்ட்ரோமின் 19 அங்குலமும் மோசமில்லை.

தண்ணீரில் எந்த வண்டியாக இருந்தாலும் முதல் கியர், ஒரே சீரான ஆக்சிலரேட்டர். நடுவில் விடக் கூடாது. அணைந்துவிட்டால் செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன வாரம் என் கடைக்கு வந்த வண்டிகளில் பலவற்றின் கதை ஒன்றுதான்: தண்ணீரில் நின்றது, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டே வந்திருந்தால் ப்ளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஏர் ஃபில்டரும் ஆயிலும் மாற்றிக் கொடுத்திருப்பேன். தள்ள வேண்டும் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் மழைக்கோட்டுத் தம்பி பக்கம் போகிறேன்.

செயினை 500 கி.மீ.க்கு ஒரு தடவை துடைத்து ஸ்ப்ரே அடிக்க வேண்டும். தினம் 50 என்றால் பத்து வேலை நாளுக்கு ஒரு தடவை. மழைக்காலத்தில் இதற்கும் காத்திராமல், நனைந்து வந்த அன்றே செய்யுங்கள்.

டயர். வி-ஸ்ட்ரோம், மீட்டியார் இரண்டிலும் அலாய் வீல், ட்யூப்லெஸ். ஹிமாலயனில் ஸ்போக் வீல். ட்யூப் போட்டதும் வருகிறது, ட்யூப்லெஸ் ஸ்போக்கும் வருகிறது. எடுத்தால் கேட்டு இரண்டாவதை எடுங்கள். ட்யூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெதுவாக இறங்கும், பஞ்சர் கடை வரை போய்விடலாம். ட்யூப் என்றால் பல சமயம் சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது. உளுந்தூர்பேட்டை தாண்டி இரவு ஒன்பது மணிக்கு, பின்னால் மனைவியோடு, அப்படி நிற்கக் கூடாது.

கொல்லிமலை70

அண்ணே, மே மாத வெயிலையும் சொல்லுங்கள். ரேடியேட்டர் இருப்பதால்தான் ஹிமாலயன் எஞ்சின் நெரிசலிலும் சூட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

பழைய பட்டறை

எஞ்சினுக்கு நல்லதுதான் தம்பி. ஆனால் ஃபேன் ஓடினால் அந்தச் சூடு ஓட்டுபவரின் காலுக்கு வரும், கத்திரியில் சிக்னலில் நிற்பவருக்குத்தான் தெரியும். வி-ஸ்ட்ரோமில் ஆயில் கூலர், மீட்டியாரில் காற்றும் ஆயிலும். சேறு அடைக்கிறதா என்று ரேடியேட்டரைப் பார்ப்பது, கூலன்ட் அளவு பார்ப்பது எல்லாம் கூடுதல் வேலை. பழகிக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலைக்காரி

170 மி.மீ. விஷயத்தில் மெக்கானிக் அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். அந்தச் சாலையில் நான் மழைக்காலத்தில் ஓட்டியதில்லை. ஆனால் தம்பி, முடிவெடுப்பதற்கு முன் உங்கள் மனைவியை மூன்று வண்டியிலும் ஏற்றி இறக்குங்கள். ஷோரூம் வாசலில் ஐந்து நிமிடம் போதாது, அரை மணி நேரமாவது ஓட்டிக்கொண்டு போங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்.

பெருங்களத்தூரான்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம்.

ஹிமாலயன் ஓடும்போது எடையே தெரியவில்லை, அருமையான எஞ்சின். கொல்லிமலை அண்ணன் சொன்ன அந்த மிச்ச பலம் ஜிஎஸ்டி சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) ஏறியதும் புரிந்தது. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் சரிவு இருக்கிறது. தினமும் காலையில் வண்டியைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். மனைவி ஏறி உட்கார்ந்தபின் அந்தச் சரிவில் கால் ஊன்றி நிற்க எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மீட்டியாரில் ஏறியதும் மனைவி முகம் மலர்ந்தது. ஏறுவது சுலபம், சாய்ந்துகொள்ள முதுகுச் சாய்மானம். அதையே எடுத்துவிடலாம் என்றுதான் அன்று இரவு பேசினோம். மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் குழிகளை எண்ணிக்கொண்டே போனேன். 170 என்ற எண் மனதைவிட்டுப் போகவில்லை.

வி-ஸ்ட்ரோமில் அவர் முதல் தடவை ஏறத் தடுமாறினார். மூன்றாவது தடவை சரியாகிவிட்டது. எனக்கு இரண்டு காலும் முழுதாக எட்டவில்லை, முன்பாதம் மட்டும் படுகிறது. ஆனால் சாயும்போது ஒரு காலால் தாங்கிப் பிடிக்க முடிந்தது. மழைக்கோட்டு அண்ணன் சொன்ன வடிகால் கதை அப்போது மனதில் ஓடியது. மனைவியிடம் கேட்டேன். 'பின்னால் டாப் பாக்ஸ் போட்டு அதில் முதுகுக்கு மெத்தை வைத்துக் கொடுத்தால் இதிலேயே வருகிறேன், ஆனால் 80க்கு மேல் போகக் கூடாது' என்றார்.

முன்பணம் கட்டிவிட்டேன். கொல்லிமலை அண்ணன் மன்னிக்க வேண்டும்.

பட்டறை அண்ணனுக்கு ஒரு கேள்வி. டாப் பாக்ஸில் என்னென்ன வைக்கலாம்? புடவை கார்டைக் கழற்றினால் பை மாட்ட வசதியாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

கொல்லிமலை70

மன்னிக்க என்ன இருக்கிறது, நல்ல வண்டிதான். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. ஆடியில் ஒரு தடவை போடி போய் வந்துவிட்டு எழுதுங்கள், அன்றைக்குப் பேசலாம்.

பழைய பட்டறை

புடவை கார்டைக் கழற்றாதீர்கள் தம்பி. புடவை மட்டுமில்லை, துப்பட்டாவும் மழைக்கோட்டு நுனியும் சக்கரத்தில் சிக்கும். கார்டு இருக்கும்போதே மாட்டுகிற மாதிரி சாடில் பேக் கிடைக்கிறது. டாப் பாக்ஸில் துணி, மழைக்கோட்டு, சாப்பாடு மாதிரி லேசானவை. தண்ணீர் பாட்டில், பூட்டு, பஞ்சர் கிட் எல்லாம் பக்கவாட்டுப் பையில், கீழே. ரேக்கில் எவ்வளவு எடை என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. மேலே எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஆடிக் காற்றில் அதுதான் முதலில் ஆடும். வண்டி வந்ததும் முதல் லாங் ரைடுக்கு முன் செயின் தொய்வு பார்க்கக் கடைக்கு வாருங்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வாருங்கள், இருவர் உட்கார்ந்த எடையில்தான் பின் சஸ்பென்ஷனைச் சரிசெய்ய வேண்டும்.