பம்ப்செட் கொட்டகையிலிருந்து சர்வருக்கு இணைப்பு கிடைக்கவில்லை, சான்றிதழ் சோதனையை நிறுத்திவிடலாமா?

கோரையாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்த்து ஐந்து போர்வெல் இருக்கிறது. ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு ராஸ்பெர்ரி பை 3 (கையகலக் கம்ப்யூட்டர்), நெட்டுக்கு சிம் போட்ட டாங்கிள், மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட்டு நிறுத்த ஒரு ரிலே. நானே பைத்தானில் எழுதிய சின்ன புரோகிராம், மும்பையில் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடும் மொஸ்கிட்டோ என்ற செய்தி பரிமாறும் மென்பொருளோடு பேசும் (பெயரைக் கேட்டதும் அப்பா, "இங்கே இருக்கிற கொசு போதாதா" என்றார்). முதலில் 1883 போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) பூட்டே இல்லாமல் ஓட்டினேன், போன வருஷம் 8883-க்கு மாற்றி, சர்வர் அசல்தான் என்று காட்டும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் போட்டேன். போன மாதம் கொட்டகைகளில் ஃபயர்வாலையும் (எந்தப் போர்ட்டுக்குப் போகலாம் என்று தடுக்கும் காவல்) இறுக்கியாயிற்று.

சனிக்கிழமை முதல் இரண்டு கொட்டகை மட்டும் சேரவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி என்கிறது. சோதனையை நிறுத்தும் வரியைப் போட்டேன், உடனே மோட்டார் ஓடியது. குறுவை நாற்றங்கால் விட்டாயிற்று, மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதுவரை போர்தான் கதி. இப்படியே விட்டுவிடலாமா?

வெட்டாறு:
விடாதீர்கள். சோதனையை நிறுத்தினால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்று கேட்காமலே புரோகிராம் பாஸ்வேர்டை நீட்டிவிடும். நடுவில் எவனாவது உட்கார்ந்து மோட்டாரைப் போட்டுவிட்டால், போரில் தண்ணீர் இறங்கிய நேரமாக இருந்தால் மோட்டார் காயில் புகைந்துவிடும், ரீவைண்டிங்குக்கு நீங்கள்தான் அழ வேண்டும். புரோகிராமில் சர்வரை ஐபி எண்ணால் கூப்பிடுகிறீர்களா? சான்றிதழில் இருக்கும் பெயரால்தான் கூப்பிட வேண்டும்.

கோரையாற்றங்கரை:
பெயரால்தான் கூப்பிடுகிறேன் அண்ணே. மற்ற மூன்று கொட்டகையிலும் இதே புரோகிராம்தான், அங்கே தகராறு இல்லை.

கடைமடைக்காரன்:
தம்பி, பிழைச் செய்தியைப் பாதியில் வெட்டிவிட்டீர்கள். அந்த வரியின் வாலில்தான் காரணம் இருக்கும்: காலாவதியா, பெயர் பொருந்தவில்லையா, இன்னும் செல்லுபடிக்கு வரவில்லையா என்று. அந்த இரண்டு இடத்திலும் கரண்ட் போயிருந்ததா? பை-யில் இப்போது என்ன தேதி காட்டுகிறது?

கோரையாற்றங்கரை:
இப்போது கொட்டகையில் நின்றுதான் தட்டுகிறேன். வால்: "இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை". தேதி... இன்று திங்கள், சாயங்காலம் ஐந்து மணி. இது வெள்ளிக்கிழமை என்கிறது! புதன்கிழமை காற்றில் டிரான்ஸ்பார்மர் போய் சனிக்கிழமைதான் கரண்ட் வந்தது, இரண்டு கொட்டகைக்கும் அதே டிரான்ஸ்பார்மர்.

கடைமடைக்காரன்:
அப்படியென்றால் அதுதான். பை 3-ல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் கடைசியாக எழுதி வைத்த நேரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும், அப்புறம் நெட்டில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். உங்களுடையது மூன்று நாள் பின்தங்கி எழுந்திருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள், அதனால் தானாகவே புதுப்பிக்கும்படி வைத்திருப்பீர்கள். சர்வரில் பாருங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி புதுப்பித்திருக்கும். பை-யின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. புரியாதது ஒன்றுதான்: நேரத்தை ஏன் திருத்திக்கொள்ளவில்லை? ஃபயர்வாலில் வெளியே போக எதையெல்லாம் விட்டிருக்கிறீர்கள்?

கோரையாற்றங்கரை:
8883, பெயர் தேட 53. அவ்வளவுதான்... ஐயோ.

கடைமடைக்காரன்:
யுடிபி 123. நேரம் கேட்கப் போகும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். இன்னும் ஆறேழு மணி நேரம் சும்மா இருந்திருந்தால் பை-யின் கணக்கிலும் வெள்ளி ராத்திரி தாண்டி, தானாகவே இணைந்திருக்கும். காரணம் தெரியாமலே போயிருக்கும், அடுத்த டிரான்ஸ்பார்மர் வெடிக்கும்வரை.

வெட்டாறு:
நம் ஊர் கரண்டை நம்பி நெட் நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம், டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் செருகி நாணய பேட்டரி போட்டுவிடுங்கள். இன்னொன்று, ஐந்து கொட்டகைக்கும் ஒரே பாஸ்வேர்டா?

கோரையாற்றங்கரை:
ஆமாம்.

வெட்டாறு:
அதையும் மாற்றுங்கள். நீங்களே ஒரு சிஏ (சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அமைப்பு) வைத்து ஒவ்வொரு கொட்டகைக்கும் தனிச் சான்றிதழும் சாவியும் கொடுங்கள், அது இல்லாத யாரையும் சேர்க்காதே என்று மொஸ்கிட்டோவில் சொல்லிவிடலாம். கொட்டகைப் பூட்டை உடைத்து ஒயரோடு பை-யையும் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்ற நாலும் பாட்டுக்கு ஓடும். சிஏ-வின் சாவியைக் கொட்டகைப் பக்கமே கொண்டு போகாதீர்கள், சர்வரிலும் வைக்காதீர்கள்.

கோரையாற்றங்கரை:
123-ஐத் திறந்ததும் தேதி திங்களுக்கு வந்துவிட்டது. சோதனையை நிறுத்திய வரியை எடுத்துவிட்டேன், இரண்டு கொட்டகையும் 8883-ல் ஒழுங்காகச் சேர்ந்தன. மற்ற மூன்றையும் பார்த்தேன், அவையும் நாற்பது நிமிஷம் பின்தங்கித்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. கடிகார மாட்யூல் ஐந்து சொல்லியாயிற்று. தனிச் சான்றிதழ் வேலையை நடவு முடிந்து வைத்துக்கொள்கிறேன் அண்ணே, இப்போது சித்தப்பா வரப்பில் நின்று கூப்பிடுகிறார்.